மூளையும் ஓமோன்களும்: நூற்றாண்டு கடந்த ஒரு நம்பிக்கையின் வரலாறு

1889ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் திகதி பாரிஸ் நகரின் உயிரியற் கழகத்தில் ஒரு முதிய பேராசிரியர் உரையாற்றினார். அவர் பெயர் சார்ள்ஸ் எட்வேர்ட் பிரௌன்-செக்கார். வயது 72. மொரீசியஸ் தீவில் அமெரிக்கத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்தவர். முள்ளந்தண்டு வடம் பற்றிய ஆய்வுகளால் மருத்துவ உலகம் முழுவதும் அறியப்பட்டவர். உடற்றொழிலியல் மேதை குளோட் பெர்னார் மறைந்த பின்னர் அவரது பேராசிரியர் ஆசனத்தில் அமர்ந்தவர்.

அத்தகைய ஒருவர் அன்று சொன்ன செய்தி சபையைத் திகைக்க வைத்தது. நாய்களினதும் கினி எலிகளினதும் விதைகளை அரைத்து, வடித்தெடுத்த சாற்றைத் தமது உடலில் தாமே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாக அவர் கூறினார். அதன் பின்னர் ஆய்வுகூடத்தில் மணிக்கணக்கில் நின்று வேலை செய்ய முடிகிறது. கைகளின் வலு கூடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சில ஆண்டுகளாகத் தளர்ந்துபோயிருந்த மூளை உழைப்பு மீண்டும் எளிதாகியிருக்கிறது என்றார்.

ஏளனம் செய்தவர்கள் பலர். ஆனால் ஏளனத்தை விட வேகமாகப் பரவியது ஆசை. குறுகிய காலத்திலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தகைய சாறுகள் இளமை மருந்து என்று விற்பனைக்கு வந்தன. பேராசிரியர் 1894இல் காலமானார். 2002ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய செய்முறையை அப்படியே பின்பற்றிச் சாற்றைத் தயாரித்து அளந்து பார்த்தார்கள். உடலில் எந்த மாற்றத்தையும் உண்டாக்க முடியாத அளவுக்கு மிகச் சொற்ப ஓமோனே அதில் இருந்தது. பேராசிரியருக்குக் கிடைத்த பலம் அவரது நம்பிக்கை கொடுத்த பலமாகவே இருந்திருக்க வேண்டும்.

நடுத்தர வயதில் மூளை மங்குவதற்கும் பாலியல் ஓமோன்கள் குறைவதற்கும் உள்ள தொடர்பு பற்றிய நவீன வரலாறு இவ்வாறுதான் ஆரம்பமாகிறது. தொடர்பு உண்மையானது என்பதை விஞ்ஞானம் பின்னர் நிரூபித்தது. ஆனால் அந்தத் தொடர்பைப் பற்றிய நம்பிக்கை எப்போதும் ஆதாரத்தை முந்திக்கொண்டே ஓடியது. அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய சாதாரண ஆண்களும் பெண்களும் ஆவர்.

சேவலின் கொண்டை

பிரௌன்-செக்காருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே ஓர் அமைதியான பரிசோதனை நடந்திருந்தது. 1849இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் ஆர்னோல்ட் பேர்தோல்ட் என்பவர் ஆறு இளஞ் சேவல்களை எடுத்துக்கொண்டார். விதைகள் அகற்றப்பட்ட சேவல்களுக்குக் கொண்டை சுருங்கியது. கூவலும் சண்டைக் குணமும் போயின. வேறு சில சேவல்களுக்கு விதையை அகற்றி, வயிற்றறைக்குள் வைத்து ஒட்டினார். அவை வழமை போல் கூவின, சண்டையிட்டன, பேடுகளைத் துரத்தின. பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டதால், ஏதோ ஒரு பொருள் குருதியின் ஊடாகவே உடலெங்கும் சென்று நடத்தையை மாற்றுகிறது என்று அவர் முடிவு செய்தார்.

அந்தப் பொருளுக்கு அப்போது பெயர் இருக்கவில்லை. 1905இல் இலண்டனில் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் ஆற்றிய விரிவுரைகளில்தான் 'ஓமோன்' என்ற சொல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தூண்டுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

பெயர் கிடைத்ததும் வியாபாரம் சூடு பிடித்தது. வியன்னாவில் ஒய்கன் ஸ்டைனாக் விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் ஆண்மைச் சுரப்பு பெருகி இளமை திரும்பும் என்றார். 1923இல் சிக்மண்ட் பிராய்ட் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார். தாடைப் புற்றுநோய் மீண்டும் வராது என்பது அவரது எதிர்பார்ப்பு. 1934இல் ஐரிஷ் கவிஞர் டபிள்யூ. பி. யேற்ஸ் அறுபத்தெட்டு வயதில் அதையே செய்துகொண்டார். தமது கற்பனை வளம் திரும்பியதாக நம்பினார். பாரிசில் சேர்ஜ் வொரொனொவ் 1920 முதல் குரங்கின் விதைத் துண்டுகளைச் செல்வந்தர்களின் உடலில் ஒட்டவைத்தார். ஸ்டைனாக்கின் முறை ஓமோனைக் கூட்டுவதில்லை என்பதும், ஒட்டிய குரங்குத் துண்டை மனித உடல் நிராகரித்துவிடும் என்பதும் இன்று மருத்துவ மாணவர் எவருக்கும் தெரிந்தவை.

பெண்களுக்கும் இதே காலத்தில் சூலகச் சாறும் சூலகத் தூளும் கொடுக்கப்பட்டன. மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒரு குறைபாடாகப் பார்க்கும் பார்வை மெல்ல மெல்ல வேரூன்றத் தொடங்கியது.

ஆய்வுகூடத்திலிருந்து மருந்துக் கடைக்கு

உண்மையான ஓமோன்கள் கையில் அகப்பட்டது 1929க்குப் பின்னர்தான். அவ்வாண்டில் ஜேர்மனியில் அடொல்ஃப் பூட்டனான்ட், அமெரிக்காவில் எட்வேர்ட் டொய்சி ஆகியோர் தனித்தனியே பெண்மை ஓமோனான ஈஸ்ட்ரோனைப் பிரித்தெடுத்தனர். 1931இல் பூட்டனான்ட் பொலிஸ்காரர்களிடமிருந்து சேகரித்த 15,000 லீற்றர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் ஆண்மை ஓமோனை எடுத்தார். 1935இல் அம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லாக்குவரின் குழு ஏறத்தாழ 100 கிலோகிராம் காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டொஸ்டெரோனைப் பெற்றது. அதே ஆண்டில் பூட்டனான்டும் லெயோபோல்ட் ருசிச்காவும் அதனைச் செயற்கையாகத் தயாரித்தனர். இருவருக்கும் 1939இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹிட்லரின் அரசு தடுத்ததால் பூட்டனான்ட் அதனை ஏற்க முடியவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே பெற்றுக்கொண்டார்.

1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த 'பிரிமரின்' என்ற மாத்திரை, சினைப்பட்ட பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவையாகும். உடல் திடீரெனக் கொதிப்பது, வியர்த்துக் கொட்டுவது, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு அது நல்ல பலன் தந்தது. அதனுடன் நின்றிருந்தால் வரலாறு வேறு விதமாகப் போயிருக்கும். 1966இல் நியூயோர்க் வைத்தியர் ரொபர்ட் வில்சன் 'என்றென்றும் பெண்மை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய். வாழ்நாள் முழுதும் ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் பெண் இளமையோடு இருப்பாள் என்பது அதன் சாரம். நூல் அமோகமாக விற்றது. வில்சனுக்கு மருந்து உற்பத்தியாளர்களின் பணம் கிடைத்திருந்தது என்ற விடயம் மிகப் பிற்காலத்தில் வெளிவந்தது.

1975இல் முதலாவது அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று இரு ஆய்வுகள் காட்டின. இதற்குப் பின்னரே கருப்பை உள்ள பெண்களுக்கு இரண்டாவது ஓமோனான புரொஜெஸ்டொஜனையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் நிலைபெற்றது.

எலியின் மூளை சொன்ன செய்தி

பாலியல் ஓமோன்கள் இனப்பெருக்கத்துக்கு மட்டுமே உரியவை என்றுதான் நீண்டகாலம் கருதப்பட்டது. 1968இல் நியூயோர்க் ரொக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மக்கீவன், ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி மன அழுத்த ஓமோனை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதைக் கண்டார். மூளையின் சிந்தனைப் பகுதிகளும் ஓமோன்களுக்குச் செவிசாய்க்கின்றன என்பது அதனால் தெரியவந்தது.

1990இல் அவரது ஆய்வுகூடத்தில் கத்தரின் வூலியும் சக ஆய்வாளர்களும் மேலும் வியப்பான ஒன்றைக் கண்டனர். பெண் எலியின் ஹிப்போகாம்பஸில் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள உதவும் நுண்ணிய முட்களின் எண்ணிக்கை, நாலைந்து நாள் கொண்ட அதன் சினைச் சுழற்சியுடன் கூடிக் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது முட்கள் பெருகுகின்றன, இறங்கும்போது குறைகின்றன. வளர்ந்த மூளை கல்லில் செதுக்கியது போன்றது என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிய உலகம்.

ஆணின் மூளைக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை என்பதை வாசகர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பிரெடெரிக் நப்டோலினும் குழுவினரும் மூளைத் திசு தானாகவே ஆண்மை ஓமோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் ஆற்றல் கொண்டது என்று காட்டினர். ஆண் ஓமோன், பெண் ஓமோன் என்று நாம் பிரித்துப் பேசுவது மூளைக்குத் தெரியாது.

மனிதரிலும் சான்றுகள் வந்தன. 1988இல் மொன்ட்ரியாலில் பார்பரா ஷெர்வின், சத்திரசிகிச்சையில் சூலகங்களை இழந்த பெண்களைச் சோதித்தார். ஓமோன் பெற்றவர்களின் நினைவாற்றல் நிலைத்திருந்தது. போலி மருந்து பெற்றவர்களுக்குச் சரிந்தது. 1996இல் நியூயோர்க் மன்ஹாட்டனில் 1,124 முதிய பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு அல்சைமர் நோய் வெகுவாகக் குறைவு என்றது. மூளையைக் காக்கும் மாத்திரை கிடைத்துவிட்டது என்ற எண்ணம் பரவியது.

ஒரு சந்தேகம் மாத்திரம் எஞ்சியிருந்தது. தாமாகவே ஓமோன் எடுக்கும் பெண்கள் பொதுவாகப் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், வைத்தியரை அடிக்கடி நாடுபவர்கள். அவர்களைக் காத்தது மாத்திரையா, வாழ்க்கை வசதியா? சீட்டுக் குலுக்குவது போலப் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும்.

2002 யூலை

அந்தச் சோதனையை அமெரிக்க அரசின் நிதியுடன் நடந்த 'பெண்கள் உடல்நல முன்னெடுப்பு' செய்தது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டொஜனும் சேர்ந்த மாத்திரையைச் சோதித்த பகுதியில் மட்டும் 16,608 பெண்கள் இருந்தனர். 2002 யூலையில் அப்பகுதி இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பாரிசவாதம், குருதிக்கட்டி ஆகியவை மருந்தெடுத்தவர்களிடம் கூடியிருந்தன.

மறுஆண்டு மூளை பற்றிய முடிவு வந்தது. 65 வயதும் அதற்கு மேலுமான 4,532 பெண்களில் 61 பேருக்கு டிமென்ஷியா எனப்படும் அறிதிறன் இழப்பு நோய் ஏற்பட்டிருந்தது. அவர்களில் 40 பேர் ஓமோன் எடுத்தவர்கள். 21 பேர் போலி மாத்திரை எடுத்தவர்கள். காக்கும் என்று நம்பிய மருந்து அபாயத்தை இரு மடங்காக்கியிருந்தது.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு 'இரு மடங்கு' என்ற சொல்லின் வலு தெரியும். தலைப்பில் அது இடம்பெற்றால் உள்ளே என்ன எழுதினாலும் வாசகர் மனதில் நிற்பது அதுவே. உலகெங்கும் தலைப்புகள் அப்படியே வந்தன. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு மருந்தெடுத்தால் மேலதிகமாக 23 பேருக்கு டிமென்ஷியா வரக்கூடும் என்பதே அந்த இரு மடங்கின் பொருள். மார்பகப் புற்றுநோய் 26 வீதம் கூடியது என்பதன் பொருள், பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு எட்டுப் பேர் அதிகம் என்பதாகும். இவை அலட்சியம் செய்யத்தக்க எண்கள் அல்ல. ஆனால் தலைப்பு உண்டாக்கிய பீதிக்கும் இந்த எண்களுக்கும் இடையே பெரிய தூரம் இருந்தது.

இன்னொரு விடயமும் தலைப்புகளில் அமுங்கிப்போனது. முழு ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மூளைப் பகுதியில் அனைவரும் 65ஐத் தாண்டியவர்கள். மாதவிடாய் நின்று பத்து, பதினைந்து ஆண்டுகள் கழிந்த உடலில் கிடைத்த முடிவை, நாற்பத்தொன்பது வயதில் தூக்கமின்றித் தவிக்கும் பெண்ணுக்கும் அப்படியே பொருத்தினார்கள். வைத்தியர்கள் மருந்துச் சீட்டு எழுதத் தயங்கினர். பெண்கள் மாத்திரைகளைக் குப்பையில் எறிந்தனர். அடுத்த தலைமுறை வைத்திய மாணவர்கள் இந்தப் பருவத்தின் சிகிச்சையைப் பற்றி அதிகம் படிக்காமலேயே வெளியேறினர். முதலில் நம்பிக்கை ஆதாரத்தை முந்தியது. இம்முறை பயம் முந்தியது.

காலம் பற்றிய கேள்வி

மாதவிடாய் நின்றவுடன் ஆரம்பித்தால் பலன், பிந்தினால் பாதகம் என்ற கருத்து இதன் பின்னர் வலுப்பெற்றது. அதையும் சோதித்துப் பார்த்தனர். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 50 முதல் 55 வயதுக்குள் ஓமோன் அல்லது போலி மாத்திரை எடுத்த 1,326 பெண்களைச் சராசரியாக ஏழு ஆண்டுகளின் பின் பரிசோதித்தது. மூளைத் திறனில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அண்மையில் மாதவிடாய் நின்ற 727 பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் மருந்து அல்லது போலி மருந்து கொடுத்த மற்றோர் ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. அதிலும் நினைவாற்றலில் மாற்றமில்லை; ஒரு பிரிவினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் மட்டும் சற்றுக் குறைந்தன.

சித்திரம் இன்னும் முழுமை பெறவில்லை என்பதற்கு வேறு இரு ஆய்வுகள் சாட்சி. 2017இல் அமெரிக்க ஆய்வின் பதினெட்டு ஆண்டுத் தொடர் கணக்கு வெளிவந்தபோது, ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களிடம் டிமென்ஷியாவினால் ஏற்பட்ட மரணங்கள் குறைவாக இருந்தன. 2023இல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வு, மாதவிடாய் நிற்கும் வயதில் கூட்டு ஓமோன் எடுத்தவர்களிடம் டிமென்ஷியா கூடுதல் என்றது. ஆனால் பதிவேட்டு ஆய்வு காரணத்தை நிரூபிக்காது. டிமென்ஷியாவின் தொடக்க அறிகுறிகளே அவர்களை வைத்தியரிடம் அனுப்பியிருக்கவும் கூடும்.

2025 நவம்பரில் ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் பெட்டியில் இரு தசாப்தங்களாக இருந்த கடும் எச்சரிக்கையை அகற்ற நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. ஊசல் மீண்டும் மறுபக்கம் அசையத் தொடங்கியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

ஆண்களின் கதை

ஆண்களுக்கு ஓமோன் ஒரேயடியாக நிற்பதில்லை. நாற்பதை அண்டிய காலத்திலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு வீதம் என்ற அளவில் மெல்லக் குறைகிறது. உடற்பருமன், நீரிழிவு, தூக்கக் குறைவு ஆகியன அதை மேலும் தாழ்த்துகின்றன. 2000ஆம் ஆண்டளவில் தோலில் பூசும் டெஸ்டொஸ்டெரோன் களிம்பு அமெரிக்காவில் வந்ததும், களைப்பு, மறதி, சிடுசிடுப்பு அனைத்துக்கும் அதுவே மருந்து என்று விளம்பரங்கள் எழுந்தன. 2001க்கும் 2011க்கும் இடையில் நாற்பது வயதைத் தாண்டிய அமெரிக்க ஆண்களிடையே அதன் பாவனை மூன்று மடங்குக்கு மேல் பெருகியது. முதுமையினால் மட்டும் குறைந்த ஓமோனுக்கு இம்மருந்தின் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று 2015இல் அரசு எச்சரித்தது.

2017இல் வெளியான ஆய்வு கேள்விக்கு நேரடியாக விடை தந்தது. 65 வயதைக் கடந்த, ஓமோன் குறைந்த, மறதி உள்ள 493 ஆண்களுக்கு ஓராண்டு மருந்து அல்லது போலி மருந்து அளிக்கப்பட்டது. நினைவாற்றல் முன்னேறவில்லை. பாலியல் நாட்டத்தில் ஓரளவும் மனநிலையில் சிறிதளவும் முன்னேற்றம் இருந்ததை அதே ஆய்வுத் தொகுதியின் வேறு பகுதிகள் காட்டின. 2023இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்டு நடத்திய ஆய்வில் மாரடைப்பும் பாரிசவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் குருதிக்கட்டி அடைப்பதும் சற்று அதிகமாகக் காணப்பட்டன.

பிரௌன்-செக்கார் தமது உடலில் ஊசி ஏற்றி 128 ஆண்டுகள் கழித்து, அவர் எழுப்பிய கேள்விக்கு முறையான விடை இவ்வாறு கிடைத்தது.

நாம் அறிய வேண்டியவை

இத்தனை ஆண்டு வரலாற்றிலிருந்து உறுதியாகக் கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, நடுத்தர வயதுப் பெண்கள் சொல்லும் மறதி கற்பனை அன்று. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு 2,362 பெண்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மாதவிடாய் நிற்பதற்குச் சற்று முந்திய இடைக்காலத்தில் புதியவற்றைக் கற்கும் ஆற்றல் தற்காலிகமாகத் தேங்குவதையும், அக்காலம் கடந்ததும் அது மீள்வதையும் கண்டது. சாவியை வைத்த இடம் மறந்து, தெரிந்தவரின் பெயர் நாவில் வராமல், தனக்கு அல்சைமர் வந்துவிட்டதோ என்று இரவில் தனியே அஞ்சும் ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு தகவல் எவ்வளவு பெரிய ஆறுதல்! நமது வீடுகளில் தாயோ அக்காவோ இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கணவன்மாரும் கேட்பதில்லை. பேசாமல் கடக்கும் பருவமாகவே அது இருந்துவருகிறது.

இரண்டாவது, சூலகம் வேண்டாத உறுப்பு அன்று. 2007இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வோல்ட்டர் ரொக்காவும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, மாதவிடாய் நிற்கும் முன்பே சூலகங்கள் அகற்றப்பட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் அறிதிறன் குறைபாடு அதிகம். இளவயதில் அகற்றினால் அபாயம் மேலும் அதிகம். 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றுவிட்ட பெண்களுக்கு, தடையேதும் இல்லாவிடில், இயல்பாக நிற்கும் வயது வரை ஓமோன் கொடுக்குமாறே வழிகாட்டல்கள் கூறுகின்றன. கருப்பையை அகற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், சூலகங்களையும் எடுக்கப்போகிறீர்களா, ஏன் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

மூன்றாவது, தாங்க முடியாத வெப்ப அலைகளுக்கும் தூக்கமின்மைக்கும் ஓமோன் இன்றும் சிறந்த மருந்து. அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே மிகுதி. அதை எடுக்க முடியாதவர்களுக்கு, வெப்ப அலையை எழுப்பும் மூளைக் கலங்களையே அமைதிப்படுத்தும் ஓமோன் அல்லாத மருந்து ஒன்றும் 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் எதிர்கால டிமென்ஷியாவைத் தடுப்பதற்காக ஆணோ பெண்ணோ ஓமோன் எடுக்குமாறு எந்தப் பொறுப்புள்ள வழிகாட்டலும் கூறவில்லை.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு டிமென்ஷியாவுக்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, கொழுப்பு, புகைத்தல், உடலுழைப்பின்மை, கவனிக்கப்படாத காது, கண் குறைபாடுகள், தனிமை ஆகியன அதில் உள்ளன. இவற்றைக் கவனித்தால் டிமென்ஷியா நோய்களில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தவிர்க்கலாம் அல்லது பிற்போடலாம் என்பது அதன் மதிப்பீடு. ஓமோன் குறைவு அந்தப் பட்டியலில் இல்லை.

ஐம்பது வயதில் குருதி அமுக்கத்தை அளந்து பார்ப்பதும், மாலையில் ஒரு மணி நேரம் நடப்பதும் செய்தித் தலைப்பாக வரத்தக்கவை அல்ல. அவற்றை விற்க எவரும் விளம்பரம் செய்வதுமில்லை. இளமையின் சாறு என்று ஒன்றை எவராவது உங்கள் முன் நீட்டினால், அதற்கான சோதனை எத்தனை பேரிடம், எந்த வயதில், எத்தனை ஆண்டுகள் நடந்தது என்று கேளுங்கள். விடை சொல்லத் தடுமாறுபவரிடம் எதையும் வாங்காதீர்கள்.